நீவிர் யாவிர்? இணையப் புனைவு விளையாட்டில் புதுமாந்தர் படைத்தல்

தெருக்கூத்தில் வேடம் புனைந்த கூத்தர் திரை விலக்கி அரங்கினுள் புகுங்கால், கட்டியக்காரன் அவரை நோக்கி எழுப்பும் முதல் வினா, தாங்கள் யார் என்பதே. வந்தவர் தம் பெயரையும் நாட்டையும் குடியையும் வந்த காரியத்தையும் எடுத்துரைப்பார். அதுவரை அவர் அரிதாரம் பூசிய மனிதர். உரைத்து முடித்த பின்னர் மன்னர். 1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா என்னும் மாணவர் தொடங்க, ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் உடன்மாணவர் விரிவாக்கி நிறைவு செய்த கணினி விளையாட்டு ஒன்று உண்டு. அதனுள் புகுவோரையும் கணினி இவ்வாறே வினவியது. பெயர் யாது, ஆணோ பெண்ணோ என்பவை அதன் வினாக்கள். அவ்விளையாட்டில் படம் இல்லை, ஒலி இல்லை, திரையில் ஓடும் எழுத்து மட்டுமே உண்டு. 'மட்' என்னும் சுருக்கப் பெயர் பெற்ற அதுவே, பலர் வெவ்வேறு ஊர்களில் இருந்துகொண்டு ஒரே புனைவுலகில் உலவும் இற்றைநாள் இணைய விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது. கட்டியக்காரனைக் கேள்வியும் பட்டிராத இளைஞர் இருவர் அவன் வினாவையே தம் வாயிலில் நிறுத்தினர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன இடம் என்று சான்றோர் சிலர் கேட்கக்கூடும். மாந்தரைப் படைத்தல் என்பது இலக்கியத்தின் தொழில். அத்தொழிலை இன்று நம் மாணவர் பலர், அதுவென்று அறியாமலே, இரவு வேளைகளில் கைப்பேசியில் செய்துகொண்டிருக்கின்றனர். சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓசைக்கு நடுவே அமர்ந்து ஆடும் இளைஞனும் அவர்களுள் ஒருவன். அவன் செய்வது யாது என்பதை ஆசிரியரும் பெற்றோரும் அறிந்திருத்தல் நலம். அதனை எவ்வாறு செம்மையாகச் செய்வது என்பதை அவன் அறிந்திருத்தல் அதனினும் நலம்.

விளையாட்டுகளுள் இது எவ்வகை?

இணைய விளையாட்டு என்னும் ஒரு சொல்லால் நாம் மூன்று வேறு பொருள்களைச் சுட்டி இடர்ப்படுகின்றோம். பணம் கட்டி ஆடும் சூது ஒருவகை. தமிழ்நாட்டரசு 2022ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், நாடாளுமன்றம் 2025 ஆகத்து மாதத்தில் நிறைவேற்றிய சட்டத்தாலும் தடுக்க முனைந்தது இதனையே. ஓடிச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு மற்றொரு வகை. 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டு, அடுத்த ஆண்டே வேறு பெயர் பூண்டு மீண்ட பப்ஜி இவ்வினத்தது. மூன்றாவது வகையே இக்கட்டுரைக்குப் பொருள். இதில் ஆடுபவர் தமக்கென ஒரு புதுமாந்தரைப் படைத்து, அம்மாந்தரின் வாயால் பேசி, அவர் காலால் நடந்து, பிறர் படைத்த மாந்தரோடு கூடிக் கதை வளர்ப்பார். சூதில் இழப்பது பொருள். சுடுவதில் வெல்வது எண்ணிக்கை. இதில் உருவாவது கதை. மூன்றையும் ஒரே கோலால் அளந்து மூன்றையும் ஒருசேர வைதல் முறையன்று.

மாந்தரைப் படைத்தல் வேறு, படைத்த மாந்தரை ஏற்றல் வேறு என்பதையும் ஈண்டுப் பிரித்துணர வேண்டும். 2023இல் கனடாவின் டொராண்டோ நகரிலிருந்து வெளிவந்த 'வெண்பா' என்னும் விளையாட்டு, 1980களில் அங்குக் குடியேறிய தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை. தாயின் பெயர் வெண்பா, தந்தை பாவலன், மகன் கவின். யாப்பிலக்கணத்தில் முதலிடம் பெறும் பாவின் பெயர் உலக அரங்கில் பரிசுபெற்ற விளையாட்டொன்றின் பெயராயிற்று என்பது தமிழ் பயில்வோர்க்கு உவகை தருவதே. 2024இல் பிரித்தானியத் திரைப்படக் கல்விக்கழகமாகிய பாஃப்டா, முதற்படைப்புக்குரிய தன் விருதினை இதற்கு வழங்கியது. ஆயினும் அதில் ஆடுபவர் வெண்பாவைப் படைப்பதில்லை. ஆசிரியர் படைத்த வெண்பாவின் கைகளைச் சற்று நேரம் கடன்பெற்று இட்டிலி அவிக்கின்றார். மாந்தர் ஏற்கும் ஆட்டமோ இடத்தை மட்டும் தந்து, ஆளை நம்மிடமே கேட்கின்றது.

பகடையும் பத்து ஒப்பும்

இவ்வாட்டங்களின் இலக்கணத்தை முதலில் வகுத்தது கணினி அன்று, காகிதமும் பகடையுமே. அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் 1974இல் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டில், புதுமாந்தர் ஒருவரைப் படைக்க வேண்டுமெனில் மூன்று அறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். உடல்வலி, அறிவு, விவேகம், தாங்கும் திண்மை, கைவிரைவு, பிறரை ஈர்க்கும் ஆற்றல் ஆகிய ஆறு பண்புகளுக்கும் தனித்தனியே உருட்டி, 3 முதல் 18 வரை விழும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீரரா, மந்திரம் வல்லவரா, சமய ஊழியரா என்பது அதன்பின். அறிவுக்கு 5 விழுந்தவர் மந்திரவாதியாக விரும்பினால் அல்லற்படுவார். பகடை தருவதை ஏற்று, கிடைத்ததைக் கொண்டு ஆளை வனைய வேண்டும் என்பதே தொடக்ககால முறை. பிற்காலத்தில் புள்ளிகளை ஆடுபவரே விரும்பியவாறு பகிர்ந்துகொள்ளும் முறைகள் தோன்றின. என் கருத்தில் பழைய முறையே கற்பனைக்கு உரம். குறையோடு பிறந்த மாந்தரே கதைக்கு ஆகிவருகின்றார்.

மாந்தரைப் பண்பால் பகுத்தெண்ணும் இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டிய பண்புகள் பத்தினை எண்ணிச் செல்கின்றார். பிறப்பு, குடியின் ஒழுக்கம், ஆள்வினை, வயது, வடிவு, காதல், நிறை, அருள், உணர்வு, செல்வம் என அவற்றை நம் உரைநடையிற் சொல்லலாம். அடுத்த நூற்பாவிலேயே அவர்பால் இருத்தலாகாத குறைகளையும் அடுக்குகின்றார். பொறாமை, கடுஞ்சொல், சோம்பல், புறங்கூறல் முதலியன அவை.

இரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்க்குங்கால் ஒரு வேறுபாடு புலப்படும். பகடையின் ஆறு பண்புகளும் தனி ஒருவரின் உடைமைகள். ஒருவன் வலிமை 17 என்றால், காட்டில் தனியே நின்றாலும் அது 17 தான். தொல்காப்பியரோ அப்பத்தினையும் ஒப்பு என்கின்றார். ஒப்பு என்பது இருவருக்கிடையே நிற்பது; ஒருவரிடம் மட்டும் இருக்க இயலாதது. மாந்தர் என்பவர் பிறரோடு வைத்து நோக்கும்போதே மாந்தராகின்றார் என்னும் நுண்மை அதில் அடங்கியுள்ளது. இணைய ஆட்டத்தில் புதிதாய்ப் புகுவோர் பெரும்பாலும் தடுமாறும் இடமும் இதுவே. அவர்கள் ஆற்றல்களை எண்ணிக் குவிக்கின்றனர். யாருக்கு யாராக இருக்கப்போகின்றோம் என்பதை எண்ணுவதில்லை.

எண்ணை விடுத்து அறத்தால் மாந்தரை வனைந்த ஆட்டம் ஒன்றும் உண்டு. ரிச்சர்ட் கேரியட் 1985இல் வெளியிட்ட 'அல்டிமா' வரிசையின் நான்காம் பாகத்தில், நாடோடிக் குறிகாரி ஒருத்தி சீட்டுகளை விரித்துவைத்து ஏழு வினாக்கள் கேட்பாள். ஒவ்வொன்றும் இரண்டு நற்பண்புகளுக்கு இடையே ஒன்றைத் தேரச் சொல்லும் இக்கட்டு. வாய்மையா இரக்கமா, நீதியா தியாகமா என இவ்வாறு செல்லும். விடைகளைக் கொண்டே ஆடுபவரின் தொழிலும் தொடங்கும் ஊரும் அமையும். நம் மாவட்டத்துக் குற்றாலத்தில் குறவஞ்சி பாடிய மண்ணில் இருந்துகொண்டு இதனைப் படிக்கும்போது, குறத்தி கையை நோக்கி எதிர்காலம் உரைத்தாள், இவளோ மனத்தை நோக்கி ஆளையே உரைக்கின்றாள் என்று தோன்றும். அவ்வாட்டம் தன் நாயகருக்கு இட்ட பெயர் 'அவதாரம்' என்னும் நம் நாட்டுச் சொல்லே. மறு ஆண்டு லூக்காஸ்ஃபிலிம் நிறுவனத்தார் உருவாக்கிய 'ஹாபிடாட்' என்னும் இணைய உலகிலும் திரையில் உலவும் உருவத்துக்கு இப்பெயரே வழங்கியது. இன்று உலகெங்கும் அச்சொல் அப்பொருளில் வழங்குகின்றது.

பெயரும் பெயரின்மையும்

புதுமாந்தர்க்குப் பெயரிடுதல் எளிதென்று தோன்றும். செய்து பார்த்தால் விளங்கும். 2004 நவம்பரில் தொடங்கிய 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்னும் பேருலகில், பாத்திரம் ஏற்று ஆடுவோர்க்கெனத் தனிப் பகுதிகள் ஒதுக்கப்பட்டன. ஆங்குக் கதையுலகுக்கு ஒவ்வாத பெயர் சூட்டலாகாது என விதியும் வகுக்கப்பட்டது. திரைப்பட நடிகர் பெயரையோ ஊர்திப் பெயரையோ சூடி நிற்பவரைக் கண்டவுடன் பிறருடைய கனவு கலைந்துவிடும் அன்றோ?

நம் அகத்திணை மரபு இன்னும் கடுமையானது. அன்பின் ஐந்திணையில் தலைமக்களின் இயற்பெயர் வருதலே கூடாது என்பது தொல்காப்பிய விதி. அங்கு வெற்பன் என்றால் குறிஞ்சித் தலைவன். சேர்ப்பன் என்றால் நெய்தலான். நிலமே பெயராகின்றது. பாடிய புலவர் சிலரின் இயற்பெயரும் மறைந்து, அவர்தம் பாட்டின் தொடரே பெயராகி நின்றது. செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார் ஆகியோரை நினைவுகூர்க. புனைபெயரில் ஒளிந்து நிற்பது இந்நூற்றாண்டின் கேடு என்று வருந்துவோர் குறுந்தொகையின் புலவர் பட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் தகும். ஆடவர் பலர் தலைவியாகவும் தோழியாகவும் செவிலியாகவும் நின்று பாடியதும் அந்நூலிலேதான். பிற்காலத்தில் 1792 முதல் 1838 வரை வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, இறைப்பொருளை மனோன்மணி என்னும் நாயகியாக விளித்துத் தாம் காதலராக நின்று கண்ணிகள் பாடினார். ஒருவர் தாம் அல்லாத ஒருவராக நின்று பேசும்போது, தாமாக நின்று பேச இயலாத உண்மை வெளிப்படுவதுண்டு என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர்.

எல்லையே மாந்தர்

இனிப் படைக்கும் முறைக்கு வருவோம். இரண்டாமாண்டு மாணவரிடம், ஐந்திணை நிலங்களே களமாக ஒரு புனைவுலகு இருப்பதாகக் கொண்டு, அதனுள் புகும் புதுமாந்தர் ஒருவரை ஒரு பக்க அளவில் படைத்து வருக என்று பயிற்சி அளித்தேன். வந்தவற்றுள் பெரும்பகுதி ஒரே வார்ப்பு. அரச குடியில் பிறந்து, காட்டில் வளர்ந்து, பெற்றோரை இழந்து, மறைவாள் ஒன்றைப் பெற்று, சாவே இல்லாத வரமும் பெற்றவர்கள். ஒருவருக்கு முக்காலமும் தெரியும். மற்றொருவருக்குப் பறக்கவும் தெரியும். இவர்களை ஒரே காட்டில் விட்டால் நிகழ்வதற்கு ஒன்றுமில்லை. யாருக்கும் யாரும் தேவைப்படார்.

மாணவி ஒருவர் எழுதி வந்தது வேறு. உமணர் கூட்டம் நெய்தல் நிலத்து உப்பை வண்டிகளில் ஏற்றிக் குறிஞ்சிக்குச் செல்கின்றது. வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கென வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிச் செல்லும் வழக்கம் புறநானூற்றால் அறியப்படுவது. அந்தச் சேம அச்சைக் காத்துவரும் பன்னிரண்டு வயதுச் சிறுவனே அவர் படைத்த மாந்தர். அவனுக்கு வில் தெரியாது. மந்திரம் தெரியாது. எருதின் நடையைக் கேட்டே அச்சு எப்போது முறியும் என்று சொல்லிவிடுவான். இருட்டைக் கண்டால் அஞ்சுவான். தன் அச்சு ஒருநாள் பயன்பட வேண்டும் என்று ஏங்குவான். பயன்படும் நாள் கூட்டத்துக்குத் தீய நாள் என்பதையும் அறிவான்.

வகுப்பில் இதனைப் படித்தவுடன் மற்ற மாணவர்கள் அவனோடு பேசத் தொடங்கிவிட்டனர். வழியில் எதிர்ப்படும் பாணனாக ஒருவர், ஆறலை கள்வனாக ஒருவர், பாலை நிலத்தில் நீர் விற்கும் கிழவியாக ஒருவர் தாமே முன்வந்தனர். வீர மன்னர்களோடு பேச எவரும் வரவில்லை. இதனின்று யான் கொண்டது: மாந்தர் ஒருவரைப் படைக்கும்போது அவரால் இயன்றதைவிட இயலாததை முதலில் எழுதுதல் வேண்டும். அவருக்கு வேண்டுவது ஒன்றும், அவர் அஞ்சுவது ஒன்றும், அவர் தெரிந்துவைத்துள்ள சிறு தொழில் ஒன்றும் இருப்பின் போதும். முதல், கரு, உரி என்னும் முப்பொருளையும் இங்குக் கைவிளக்காகக் கொள்ளலாம். எந்நிலம், எப்பொழுது என்பது தெளிந்தால் உணவும் தொழிலும் தானே தெளியும். அவை தெளிந்தால் ஒழுக்கம் புலப்படும். உரிப்பொருளில் தொடங்கித் தலைகீழாக வருபவர்களே பெரும்பாலும் வெற்று வீரரைப் படைக்கின்றனர்.

வரம்பே மாந்தரைச் சிறப்பிக்கும் என்பதற்கு அமீர் ஹம்ஸா கதைத்தொகுதி நல்ல சான்று. வரலாற்றுப் பெரியவர் ஒருவர் பெயரால் வழங்கினும் அது முழுக்க முழுக்கக் கற்பனைக் கதை என்பதைச் சொல்லிவிடுதல் கடன். அக்பர் தம் அவையில் 1,400 ஓவியங்களோடு எழுதுவித்ததும், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லக்னோ நகரின் நவல் கிஷோர் அச்சகம் உருதுவில் பெருந்தொகுதிகளாக அச்சிட்டதும் இக்கதையே. ஹம்ஸாவின் தோழன் அமர் என்னும் அய்யாருக்கு மந்திரம் தெரியாது. எதிரிகளோ மாயாசால நகரங்களையே கட்டுபவர்கள். வேடம் மாறும் திறம், நகைச்சுவை, பேராசை, எதையும் அடக்கும் ஒரு பை ஆகியவற்றைக் கொண்டு அவன் அம்மாயாவிகளை வீழ்த்துகின்றான். கேட்போர் ஹம்ஸாவை மதித்தனர், அமருக்காகக் காத்திருந்தனர். தமிழில் அசன் அலிப் புலவரின் 'ஐந்து படைப்போர்' முதலாய படைப்போர் இலக்கியங்களை இவ்வகையில் ஆராய்வார் உளரேல் நல்ல ஆய்வேடு ஒன்று கிடைக்கும்.

கூற்றுக்கு உரியோர்

படைத்தாயிற்று, இனிப் பேச வேண்டும். இணைய ஆட்டத்தின் தலையாய விதி, பிறர் படைத்த மாந்தரின் செயலையும் சொல்லையும் நாம் எழுதலாகாது என்பது. என் வீரன் வாளை ஓங்கினான் என்று எழுதலாம். உன் வீரன் வீழ்ந்தான் என்று எழுதுதல் கூடாது. வீழ்வதும் விலகுவதும் அவருக்குரியவை. 1993இல் 'லாம்ப்டாமூ' என்னும் எழுத்துவழி உலகில் ஒருவர் இவ்வரம்பை மீறி, பிறருடைய மாந்தர் தாமே செய்வதுபோலத் தோன்றுமாறு இழிசெயல்களை எழுதி அனைவர் முன்னும் பரப்பினார். உடலில் எவரையும் அவர் தொடவில்லை. ஆயினும் அம்மாந்தர்க்குரியோர் உண்மையாகவே துடித்தனர். நாட்கணக்கில் வழக்காடி அவரை அவ்வுலகினின்று நீக்கினர். பின்னர் வாக்கெடுப்பு முறையும் அங்கு ஏற்பட்டது. ஜூலியன் டிபெல் என்னும் இதழாளர் அவ்வாண்டே இதனை எழுதி உலகறியச் செய்தார்.

செய்யுளியலில் தொல்காப்பியர் கூற்றுரிமையை வரையறுத்த முறை இவ்விடத்து வியப்பளிக்கின்றது. களவொழுக்கத்தில் பேசுதற்கு உரியோர் அறுவர். கற்பில் மேலும் அறுவர் சேர்ந்து பன்னிருவர். ஊரார், அயலார், சேரியார், நோயறிவோர், தந்தை, தமையன் ஆகியோர்க்கு நேர்க்கூற்றே இல்லை. அவர் சொல்லியதாகப் பிறர் எடுத்துமொழியலாம், அவ்வளவே. பெற்ற தாயும்கூடத் தலைவனோடும் தலைவியோடும் நேர்நின்று உரையாடுதல் இல்லை. வீட்டில் அதிகாரம் மிகுந்த தந்தைக்கும் தமையனுக்கும் அகப்பாட்டில் வாய் இல்லை என்பதை மாணவர்க்கு நடத்துகையில் வகுப்பில் எழும் மகிழ்ச்சி சொல்லி மாளாது. அது நிற்க. யார், யாரிடம், எப்போது பேசலாம் என்னும் ஒழுங்கு இருந்தமையால்தான், பெயரற்ற ஒரு தலைவியை முகமறியாப் புலவர் பலர் பாடியும் அவள் ஒரே மரபின் தலைவியாக நின்றாள். மேற்சொன்ன வார்கிராஃப்டிலும் எதிரெதிர் அணியினர் பேசுவது ஒருவர்க்கொருவர் புரியாத ஒலிக்குவியலாகவே திரையில் தோன்றுமாறு அமைத்தனர். பேச்சுக்கு இட்ட தடையால் சைகையும் குறிப்பும் வளர்ந்தன.

தென்பாண்டி நாட்டு வில்லிசையைக் கேட்டவர்க்கு இது எளிதில் விளங்கும். அண்ணாவி ஒரே இருக்கையில் அமர்ந்தவாறே அரசனாகவும் தாயாகவும் வேதாளமாகவும் மாறுவார்; வேடமில்லை, குரல் ஒன்றே. பக்கத்தில் இருப்பவர் ஆமாம், ஆமாம் என்று ஏற்றுக்கொண்டே வருவார். அந்த ஆமாம் நின்றுவிட்டால் அரசன் வெறும் பாட்டுக்காரர். இணையத்து மாந்தரும் கூட்டாளிகளின் இத்தகைய ஏற்பினால்தான் உயிர்வாழ்கின்றார். வேறொருவர் கதைக்கு ஆமாம் போடத் தெரியாதவர், தம் மாந்தரை எத்துணை அழகுறப் படைத்தாலும் தனியே அலைவார்.

வேடமா, பொய்யா?

ஊர்ப் பெரியவர்கள் என்னிடம் வினவிய வினா இது: இல்லாத பெயரைச் சூடி, ஆண் பெண்ணாகவும் இளையவன் முதியவனாகவும் பேசுதல் ஏமாற்று ஆகாதா? நேர்மையான வினா, மழுப்பலாக விடைகூறித் தப்பலாகாது. வேடம் என்பது இருதரப்பும் வேடமென்று அறிந்து ஏற்பது. கூத்தரை மன்னரென்று நம்பி எவரும் வரி செலுத்துவதில்லை. ஆட்டத்தின் எல்லைக்குள், ஆட்டமென்று அறிந்தவர்முன், மாந்தரின் வாயால் பேசுவது புனைவு. அதே பெயரைக் கொண்டு எல்லைக்கு வெளியே ஒருவரின் பணத்தையோ படத்தையோ முகவரியையோ கேட்டுப் பெறின் அது வஞ்சம். அங்கு வேடம் என்னும் சொல்லுக்கே இடமில்லை. இவ்வெல்லை எங்குள்ளது என்பதை நம் பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, முன்கூட்டியே விளக்குதல் வேண்டும். மாந்தர் எதையும் கூறலாம். மாந்தரை இயக்கும் மாணவியின் கல்லூரியும் தெருவும் அக்கூற்றில் வந்துவிடலாகாது. காலக்கணக்கும் ஓர் எல்லையே. விடியும்வரை வேடம் கலையாதவன் பகலில் எப்பாத்திரத்துக்கும் உதவான்.

இதன் மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். நார்வே நாட்டில் 1989இல் பிறந்த மாட்ஸ் ஸ்டீன் என்பவர், தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டூஷேன் என்னும் பிறவி நோய்க்கு ஆட்பட்டவர். இயங்கும் நாற்காலியில் அமர்ந்து, விரல்கள் அசைந்தவரை வார்கிராஃப்டில் ஆடினார். 2014 நவம்பரில், 25ஆம் வயதில் இறந்தார். தோழர்களோ காதலோ இன்றி மகன் வாழ்ந்து மறைந்தான் என்று பெற்றோர் நொந்திருந்தனர். மகனுடைய வலைப்பதிவின் வழியே தந்தை இறப்புச் செய்தியைத் தெரிவித்தார். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்து மடல்கள் வந்து குவிந்தன. அவர்கள் அனைவரும் அறிந்திருந்தது இபெலின் ரெட்மூர் என்னும் மாந்தரை. அவர் உயர்குடியினர், துப்பறிவாளர், நடக்கவும் ஓடவும் வல்லவர்.

இபெலின் குறையற்றவரல்லர். கடுஞ்சொல் கூறித் தோழரை வருத்தியதும் உண்டு. ஆனால் டென்மார்க்கைச் சேர்ந்த தாய் ஒருவர், தொடுதலைத் தாங்க இயலாத மனஇறுக்கமுடைய தம் மகனோடு உறவாட வழியின்றித் தவித்தபோது, இருவரும் ஆட்டத்தினுள் சந்திக்கலாமே என்று வழிகாட்டியவர் அவர். மகனின் மாந்தர் தாயின் மாந்தரை அணைத்தது. 'ஸ்டார்லைட்' என்னும் அக்குழுவினர் சிலர் பயணம் செய்து இறுதிச் சடங்கிற்கு வந்தனர். குழுவினர் சேமித்து வைத்திருந்த பல்லாயிரம் பக்க உரையாடற் பதிவுகளைக் கொண்டு பெஞ்சமின் ரீ இயக்கிய ஆவணப்படம் 2024இல் வெளிவந்தது. பெற்றோர் அப்பதிவுகளின் வழியாகவே தம் மகனின் மறுபாதியைக் கண்டனர். ஓட முடியாதவர் ஓடும் மாந்தரைப் படைத்தார் என்பதோடு இதனை நிறுத்திவிடுவோர் உளர். மக்கள் அவரை நினைவில் வைத்திருப்பது ஓட்டத்துக்காக அன்று; அவர் நின்று கேட்டதற்காக.

நம் மாணவரின் உப்பு வண்டிக் கதை துறையின் நூலக அறையில் ஒரு நீண்ட பதிவேட்டில் இன்னும் நடந்துவருகின்றது. ஒவ்வொருவரும் தத்தம் மாந்தரின் கூற்றை மட்டும் எழுதி, பெயரிடாமல் அடுத்தவருக்குப் பக்கத்தைத் திருப்பி வைக்கின்றனர். வகுப்பில் இதுவரை வாய்திறவாத மாணவர் இருவர் அப்பதிவேட்டில் பக்கம் பக்கமாக எழுதியுள்ளனர்; யாரென்று கையெழுத்தால் யான் அறிவேன், கேட்பதில்லை. இம்மலர் அச்சுக்குச் செல்லும் இவ்வேளையில் கூட்டம் பாலை நிலத்தின் நடுவே நிற்கின்றது. ஒரே நாளில் இரண்டு வண்டிகளின் அச்சு முறிந்துவிட்டது. ஒன்றில் உப்பு, மற்றொன்றில் நீர் விற்கும் கிழவியின் குடங்கள். சேம அச்சு ஒன்றே. ஆறலை கள்வன் அருகில் இருக்கின்றான் என்று பாணன் கூறிவிட்டான். அடுத்த கூற்று சிறுவனுக்கு உரியது. பக்கம் நான்கு நாட்களாக வெறுமையாய் இருக்கின்றது.